இதற்கு மேல் ரயில் போகாது

பிப்ரவரி 4

குருவிக்கு,

நான் ஏன் போனை எடுக்கவில்லை என்று உன் அண்ணனிடம் கேட்டாயாம். அவரும் “அவளுக்குத் தொண்டை சரியில்லை” என்று சமாளித்தாராம். என் தொண்டைக்கு ஒன்றும் இல்லை. உன் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். போனை எடுத்தால் ‘கதவுகளை விட்டு விலகி நில்லுங்கள்’ என்று சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் கடிதம். எழுதும்போது நீ கொஞ்சம் நல்ல பெண். நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சோதனை ரயில் முதல்முறையாக இங்கே வந்தது. சிட்டிக்கும் ஊருக்கும் நடுவே பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கித் தேய்ந்த இடுப்பெல்லாம் அன்றைக்கு நடைமேடையில் வந்து நின்றது. உள்ளே பேசப்போவது நீ என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வாரமாகத் தன் எலக்ட்ரிக் கடைக்கு வந்தவர்கள் போனவர்கள் அத்தனை பேரிடமும் உன் அண்ணன் “என் தங்கச்சி குரல்தான்” என்று அளந்துகொண்டிருந்தார். பல்பு வாங்க வந்தவர் பல்பை மறந்துவிட்டுப் போகும் அளவுக்கு.

ரயில் வந்தது. கதவு திறந்தது. உள்ளே நாலைந்து அதிகாரிகள். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. நீ பேசினாய்.

“இதுவே கடைசி நிறுத்தம். அனைவரும் இறங்கிவிடவும்.”

ஒருத்தரும் கை தட்டவில்லை. சலூன்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். “என்னய்யா இது, நம்ம வீட்டுப் பொண்ணே நம்மளக் கடைசின்னு சொல்லுது?”

“சொன்ன விதத்தப் பாத்தீங்களா?” என்றார் பி.டி. மாஸ்டர். “ஓட்டப்பந்தயத்துல கடைசியா வந்தவனக் கூப்பிடற மாதிரி.”

மருந்துக்கடைக்காரம்மா என் பக்கம் திரும்பி, “ஏங்க, இங்கேருந்து கிளம்பினா சிட்டிதான கடைசி? நாமதான முதல்?” என்றாள். சொல்லு, என்ன பதில் சொல்ல?

அதைக் கேட்கத்தான் உனக்குப் போன் செய்தேன். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, “ஐயோ அண்ணி, உங்க ஊர்ல எல்லாத்துக்கும் கோவிச்சுக்குவாங்க” என்றாய்.

உங்க ஊர்.

இங்கே பிறந்தவள் நீ. இந்த ஊர்த் தெருவில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவள் நீ. நான் சிட்டியில் பிறந்து, உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தவள். இந்த ஊர் எப்போதிலிருந்து என்னுடையது மட்டுமாக ஆனது? ‘எங்க ஊர்’ என்று சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். ‘உங்க ஊர்’ என்றதும் போனை வைத்துவிட்டேன்.

திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் அந்த வார்த்தையை மாற்று. மாற்றாவிட்டால் அன்றைக்கு இந்த ஊரில் ஒருத்தரும் ரயில் ஏறப்போவதில்லை என்று முடிவாகிவிட்டது. முன்னால் நிற்பது நான்தான். நீ முதல் ரயிலில் வந்து இறங்க, அதே ரயிலில் நாங்கள் ஏற, எல்லோருமாகத் திரும்பிப் போவது என்று பேசிவைத்தோமே, அதையும் மறந்துவிடு.

உன் அண்ணன் இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை. மின்விசிறிக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணி

*

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் முதலில் கோபம் வந்தது. இரண்டாவது முறை படித்தபோது சிரிப்பு வந்தது. மூன்றாவது முறை படிக்கவில்லை, பயமாக இருந்தது.

‘கடைசி நிறுத்தம்’ என்பது வசவு இல்லை அண்ணி. தண்டவாளம் அங்கே முடிகிறது. அதைத் தவிர அதில் வேறு அர்த்தம் கிடையாது. ரயில் நிறுவனத்தின் அறிவிப்புப் பிரிவில் இத்தனை வருஷமாக இருக்கிறேன். தூங்கிப்போனவரும் காது மந்தமானவரும் புரிந்துகொண்டு இறங்க வேண்டும், அதற்காகத்தான் ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தெடுக்கிறோம். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறையில், பக்கத்தில் வெந்நீர் டம்ளரை வைத்துக்கொண்டு, யாரையும் நினைக்காமல் படிப்பதுதான் என் வேலை. யாரையும் நினைத்தால் குரலில் அது தெரிந்துவிடும். நம் ஊர்ப் பெயரைப் படித்த அன்று கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் நினைக்காமல் இருந்தேன். அதைத்தான் ஓட்டப்பந்தயம் என்கிறார் மாஸ்டர்.

ஆனால் போராட்டத்துக்கு நீங்கள் தலைமை தாங்குகிறீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? ‘சிட்டி டெய்லர்ஸ்’. அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சிட்டியை எதிர்த்துக் கூட்டம் போடுகிறீர்களா?

புதுப்பெண்ணாக வந்த வருஷம் நீங்கள் பேசிய பேச்சு எனக்கு மறக்கவில்லை. எங்க ஊர்ல குழாயைத் திறந்தா தண்ணி வரும். எங்க ஊர்ல ராத்திரி எட்டு மணிக்கும் கடை இருக்கும். நானும் விடவில்லை. எங்க ஊர்ல மூச்சு விடக் காத்து இருக்கு, உங்க ஊர்ல அதுவும் புகைதான் என்று திருப்பிக் கொடுத்தேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துத்தானே அண்ணன் சட்டம் போட்டார்: சாப்பாட்டு நேரத்தில் யார் முதலில் ‘எங்க ஊர்’ என்று ஆரம்பிக்கிறார்களோ அவர்கள்தான் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும் என்று. அந்த வருஷம் நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கழுவியதில் அண்ணன் ஒரு டம்ளரைக்கூடத் தொட்டதில்லை.

இப்போது நான் சிட்டியில் இருக்கிறேன். நீங்கள் அங்கே. ஆபீசில் விடுமுறை வந்தால் போதும், “என்ன, ஊருக்குக் கிளம்பலையா?” என்று கேட்கிறார்கள். இத்தனை வருஷம் ஆன பிறகும் இங்கே நான் ஊருக்குப் போக வேண்டியவள். அங்கே வந்தால் நிலைமை வேறு. போன முறை காய்கறிக் கடையில் நான் விலை கேட்டதும் அந்த அம்மா, “சிட்டிலேருந்து வந்திருக்கீங்களா?” என்றாள். அவள் அப்பாவிடம் நான் கடன் சொல்லி மிட்டாய் வாங்கியிருக்கிறேன்.

‘உங்க ஊர்’ என்று ஏன் வாயில் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். காய்கறிக் கடைக்காரம்மாவின் கோபத்தை உங்கள் மேல் காட்டினேனோ என்னவோ. தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு இன்னும் இறங்கி வரவில்லை. பாதிப் படியில் நிற்கிறேன்.

வார்த்தையை மாற்றுவது என் கையில் இல்லை. மேலாளர் கையில் இருக்கிறது. அவர் சிட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். நம் ஊர் எந்தத் திசை என்று அவருக்கு வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

குருவி

*

பிப்ரவரி 15

குருவிக்கு,

பாதிப் படியில் நிற்கிறாயா, நில். கால் வலித்தால் இறங்கு.

பலகையைப் பற்றி எழுதியிருந்தாய். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். ‘சிட்டி’ என்ற எழுத்து மட்டும் வெளுக்கவே இல்லை, அந்தக் காலத்துப் பெயிண்ட். அதை நான் திமிரில் வைக்கவில்லை என்று உனக்குத் தெரியுமா? வந்த புதிதில் இங்கே யாரும் என்னிடம் துணி கொடுக்கவில்லை. “சிட்டிக்காரி தைச்சா மூச்சு விட முடியாது, அவ்வளவு இறுக்கிடுவா” என்று பேசிக்கொண்டார்கள். சரி, எப்படியும் அதைத்தான் சொல்லப்போகிறீர்கள், நானே பெரிய எழுத்தில் எழுதிவைக்கிறேன் என்று வைத்தேன். இப்போது இந்த ஊரில் எந்தத் தோள் ஏற்றம், எந்தத் தோள் இறக்கம் என்று எனக்கு டேப் இல்லாமலே தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடந்து போனால் பின்னாலிருந்து என் சீருடைகளைத்தான் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை கடையில் கூட்டம். வேறு என்ன வார்த்தை கேட்கலாம் என்று பேச்சு. சலூன்காரர், “‘முடிவு’ன்னு சொல்லச் சொல்லலாமா?” என்றார். “அது ஆள் போயிட்ட மாதிரி இருக்கு” என்றாள் மருந்துக்கடைக்காரம்மா. “எல்லை?” “எல்லைன்னா அதுக்கு அந்தப் பக்கம் எதிரி நாடு மாதிரி இல்ல?” மாஸ்டர் எழுந்து நின்று, “ஃபைனல்னு வைங்க. ஃபைனலுக்கு எல்லாராலயும் வந்துட முடியுமா?” என்றார். அதற்குக் கொஞ்சம் கைதட்டல் கிடைத்தது. ஒரு மணி நேரம் பேசி, ‘மரியாதையாக ஏதாவது ஒரு வார்த்தை’ என்று முடித்தோம். அதுதான் ஊரின் கோரிக்கை. எழுதி வைத்துக்கொள்.

நடுவில் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உரக்கடைக்காரர் இருக்கிறாரே, அவர், “சிட்டியக்கா, நீங்க என்னதான் சொன்னாலும் வெளியூருதானே, உங்களுக்கு எதுக்கு இவ்வளவு ரோஷம்?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. சட்டென்று என் வாயில் என்ன வந்தது தெரியுமா?

“நான் வெளியூரா? இந்த வீட்டுல பொறந்த பொண்ணே என்கிட்ட ‘உங்க ஊர்’னு சொல்லிட்டா. பட்டாவே மாத்திக் குடுத்தாச்சு. வேணும்னா அவளைக் கேளுங்க.”

கடையே சிரித்தது. உரக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார்ந்துவிட்டார். உன்னிடம் எந்த வார்த்தைக்காகப் போனை வைத்தேனோ, அதையே எடுத்து வீசி ஜெயித்துவிட்டேன். அதனால் இப்போது உன் மேல் முழுதாகக் கோபப்பட முடியவில்லை. இது எனக்கு வசதியாக இல்லை.

இன்னொன்று. போன வருஷம் சிட்டிக்கு வந்தேனே, அம்மா வீட்டுத் தெருவில் போய் நின்று வழி தெரியாமல் முழித்தேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். காவலாளி வந்து, “ஊருக்குப் புதுசா? எங்கம்மா போகணும்?” என்று கேட்டார். நான் பிறந்த தெருவில். அதை அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. நீ பாத்திரம் கழுவச் சொல்வாய் என்று விட்டுவிட்டேன்.

நேற்று ஒரு கோட்டுக்குக் கடைசிப் பித்தானை வைத்து நூலைக் கடித்துவிட்டு, என்னை அறியாமல் “நம்ம ஊர் வந்தாச்சு” என்றேன். வேலை முடிந்தால் அப்படிச் சொல்லும் உங்கள் வீட்டுப் பைத்தியக்காரத்தனம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. உன் அண்ணன் எதிர்க்கடையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

மேலாளரிடம் பேசு.

அண்ணி

*

பிப்ரவரி 23

அன்புள்ள அண்ணிக்கு,

படி இறங்கிவிட்டேன். பட்டா விஷயம் படித்ததும் கால் தானாக இறங்கியது. அந்த வார்த்தையால் உங்களுக்கு ஒரு காரியம் ஆனது என்பதற்காக அது சரியான வார்த்தை ஆகிவிடாது. சொன்னதற்கு வருந்துகிறேன். கண்ணாடிக் கட்டடத்துக் காவலாளியை நினைத்தால் அதைவிட வருத்தமாக இருக்கிறது. அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, கால் வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டீர்கள். எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மேலாளரிடம் பேசினேன். என் வேலையில் நான் யாரிடமும் எதையும் மாற்றச் சொல்லிக் கேட்டதில்லை. எழுதிக் கொடுப்பதைப் படிப்பவள் என்றே பெயர் வாங்கியிருக்கிறேன். அதனால் உள்ளே நுழைவதற்கு முன் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்தார். “இதுக்கா ஒரு ஊரே கோவிச்சுக்கும்? சின்ன ஊர்க்காரங்களுக்கு எல்லாமே பெருசு. இந்தப் பக்கம் பத்து லட்சம் பேர் இருக்கோம், எங்களுக்கு இதெல்லாம் தோணுமா?”

எனக்கு அப்போது ஒரு குறும்பு தோன்றியது. “நியாயம்தான் சார். அப்படின்னா ரயில் இங்கே திரும்பி வரும்போதும் அதையே சொல்லிடலாமே. மத்திய நிலையம், இதுவே கடைசி நிறுத்தம்.”

அவர் முகம் மாறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “அது எப்படிம்மா? மத்திய நிலையம் எப்படிக் கடைசியாகும்? எல்லா ரயிலும் இங்கேருந்துதானே புறப்படுது? கடைசின்னா சனங்க என்ன நினைப்பாங்க?”

அண்ணி, அந்த நாற்காலியில் நம்ம சலூன்காரர் உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது. கத்தரிக்கோல்தான் கையில் இல்லை. பத்து லட்சம் பேர் என்றாலும் அதுவும் ஒரு ஊர்தான், அதற்கும் மூக்கு மேல் கோபம் வரும் என்று எனக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. ஏனோ சிட்டியின் மேல் திடீரென்று ஒரு பிரியம் வந்தது.

தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு, “சரி, ரெண்டு பக்கமும் அந்த வார்த்தை வேண்டாம். என்ன சொல்லணுமோ நீங்களே எழுதிப் பதிவு பண்ணிடுங்க. நீளமா வேண்டாம்” என்றார்.

நேற்றுப் பதிவு செய்துவிட்டேன். என்ன வார்த்தை என்று சொல்ல மாட்டேன். மரியாதையானதுதான். ஒலிப்பதிவுக்காரர் அடுத்த வேலைக்கு அவசரப்பட்டார், அதனால் திருப்பிக் கேட்கக்கூட நேரமில்லை. ஆனால் நன்றாக வந்தது என்றே நினைக்கிறேன். திறப்பு விழா அன்றுதான் அது முதலில் ஒலிக்கும், அதுவரை சோதனை ரயிலில் பழையதுதான்.

மார்ச் ஐந்தாம் தேதி முதல் ரயிலில் வருகிறேன். நடைமேடையில் இருப்பீர்கள்தானே?

குருவி

*

மார்ச் 3

குருவிக்கு,

அவசரம். எதையும் மாற்றாதே.

நீ மாற்றிவிட்டேன் என்று எழுதிய கடிதம் வந்து நாலைந்து நாளாகிவிட்டது. ஊர் முழுக்கச் சொன்னோம், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதற்குள் இங்கே நிலைமை கை மீறிப் போய்விட்டது. சோதனை ரயிலில் சிட்டிக்காரர்களை இலவசமாக ஏற்றி அனுப்புகிறார்களே, அவர்கள் இறங்கி வந்து என்ன கேட்கிறார்கள் தெரியுமா? “கடைசி நிறுத்தத்துல பாக்க என்ன இருக்கு?” என்று கேட்கிறார்கள். அதுவே ஊருக்குப் பெயராகிவிட்டது. மூன்று கல்லூரிப் பெண்கள் என் கடைக்குள் நுழைந்து, “கடைசி நிறுத்தத்துல டேப் வைக்காம அளவெடுக்கற அக்கா நீங்கதானா?” என்றார்கள். தோளைப் பார்த்தே ஆளுக்கு ஒரு கவுன் வெட்டினேன். சிட்டியில் எந்த டெய்லரும் இரண்டு முறை போட்டுப் பார்க்காமல் தைத்ததில்லையாம். மூச்சு நன்றாக விட முடிகிறதாம்.

சலூன்காரர்தான் முதலில் மாறினார். ‘கடைசி நிறுத்தம் சலூன் - இதற்கு மேல் வெட்ட முடி இல்லை’ என்று எழுதிவிட்டார். மருந்துக்கடைக்காரம்மாவுக்கும் ஆசைதான். ‘கடைசி நிறுத்தம் மருந்தகம்’ என்று எழுதினால் நோயாளி வாசலோடு திரும்பிவிடுவான் என்று எல்லோரும் கெஞ்சித் தடுத்தோம்.

என் பலகையையும் மாற்றிவிட்டேன். ‘கடைசி நிறுத்தம் தையலகம்’. பெயிண்ட் இன்னும் காயவில்லை. இந்த நேரத்தில் ரயிலில் அந்த வார்த்தை வராவிட்டால் தெருவே கேலிக்கூத்தாகிவிடும். மேலாளரிடம் ஓடிப்போய் பழையதையே போடச் சொல். எங்கள் கோரிக்கையை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம்.

இன்றே தபாலில் சேர்க்கிறேன். போன் செய்யலாம்தான். ஆனால் ரயில் வரும்வரை போனில் பேச மாட்டேன் என்று ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டேன். தலைவிக்கு ஒரு சொல் வேண்டாமா?

அண்ணி

*

மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் மார்ச் மூன்றாம் தேதிக் கடிதம் இன்றுதான் கைக்குக் கிடைத்தது. திறப்பு விழா முடிந்து, உங்கள் வீட்டில் நாலு நாள் தங்கிச் சாப்பிட்டுத் திரும்பி வந்து, கதவுக்குக் கீழே கிடந்ததை எடுத்துப் படித்தேன். தனியாக நின்று சிரித்ததில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். தெரு முழுக்க ‘கடைசி நிறுத்தம்’ பலகைகளைப் பார்த்து, ஊர் என்மேல் இன்னும் கோபமாக இருக்கிறது, எனக்காகவே எழுதிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் அப்படி வெலவெலத்தபோது, ‘எல்லாம் கடிதத்தில் எழுதியிருக்கிறேன், போய்ப் படி’ என்று சொல்லிச் சிரித்தீர்களே, இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

நடைமேடையில் நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். ரயிலுக்குள் நடந்ததை நான் சொல்ல வேண்டும்.

கூட்டம் நெருக்கியடித்தது. மேலாளரும் வந்திருந்தார், என் எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயல் வந்தது, செங்கல் சூளை வந்தது. நம் தண்ணீர்த் தொட்டி தெரிய ஆரம்பித்தது. சின்ன வயதில் பஸ்ஸில் தூங்கிப்போவேன். அந்தத் தொட்டி தெரிந்ததும் அண்ணன் என் தலையில் தட்டி, “எந்திரி குருவி, நம்ம ஊர் வந்தாச்சு” என்பார். அதிலிருந்து வந்ததுதான் வீட்டில் எல்லா வேலைக்கும் அந்த முடிவுரை.

என் குரல் வந்தது. நான் எழுதியது இரண்டே வாக்கியம். “இந்த ரயில் இதற்கு மேல் போகாது. அனைவரும் நிதானமாக இறங்கவும்.” கடைசி இல்லை, முதல் இல்லை. இதற்கு மேல் போக வேண்டியதில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் நினைத்தது அதைத்தான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு, பஞ்சு ஒட்டிய அறையில் ஒருநாளும் பேசாத குரலில், வீட்டுக் குரலில், நானே சொன்னேன்:

“நம்ம ஊர் வந்தாச்சு.”

படித்து முடித்ததும் வேலை முடிந்தது என்று சொல்லியிருக்கிறேன், நீங்கள் பித்தான் வைத்து முடித்ததும் சொன்னதுபோல. எனக்கு நினைவுகூட இல்லை. அதுவும் அறிவிப்பில் சேர்ந்தது என்று ஒலிப்பதிவுக்காரர் விட்டுவிட்டார். வேறு யார் வீட்டிலாவது வேலை முடிந்தால் “முடிஞ்சுது” என்று சொல்லியிருப்பார்கள்.

எனக்கு வேலை போய்விட்டது என்றே முடிவு செய்தேன். அப்போது யாரோ சிரித்தார்கள். பிறகு பெட்டி முழுக்கச் சிரித்தது. பைகளை எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, “வாங்க வாங்க, நம்ம ஊர் வந்தாச்சாம்” என்று இறங்கினார்கள். சிட்டிக்காரர்கள் அண்ணி. வாழ்நாளில் அந்தப் பக்கம் கால் வைக்காதவர்கள். ‘எங்க ஊர்’ என்று வந்திருந்தால் விருந்தாளிகளாக இறங்கியிருப்பார்கள்.

மேலாளர் என்னைப் பார்த்தார். இறங்கி நேரே பி.டி. மாஸ்டரிடம் போய், “சார், நம்ம ஊர்ல நல்ல டீ எங்கே கிடைக்கும்?” என்று கேட்டார். அந்த நேரத்தில் நீங்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் கன்னத்தைப் பிடித்துவிட்டீர்கள். அதனால் மாஸ்டர் என்ன பதில் சொன்னார் என்று கேட்க முடியவில்லை. ஊரே முண்டியடித்துக்கொண்டு ரயில் ஏற, நீங்கள் மட்டும், “அங்கே போய் எனக்கு என்ன இருக்கு, இன்னொரு நாள் வரேன்” என்று என்னையும் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போனீர்களே. கண்ணாடிக் கட்டடம்தான் காரணம் என்று தெரியும். அதனால்தான் அன்றைக்கு வற்புறுத்தவில்லை.

இன்று ஆபீசில் மேலாளர் கூப்பிட்டார். பயணிகளிடமிருந்து புகார் வந்திருக்கிறதாம். மத்திய நிலையத்தில் இறங்குகிற சிட்டிக்காரர்கள் கேட்கிறார்கள்: “அங்கே மட்டும் நம்ம ஊர் வந்தாச்சா? அப்ப இது யார் ஊர்?” எழுதிக் கொடுத்தே கேட்டிருக்கிறார்கள். “ரோஷக்காரங்கம்மா எங்க சனங்க” என்றார், கொஞ்சம் பெருமையாகவே. அந்தப் பக்கத்துக்கும் அதே வாக்கியத்தைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டார்.

மத்தியானம் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை தெரிந்தே சொல்ல வேண்டும். நான் பிறந்த ஊர் இல்லையே, பொய்யாகக் கேட்டுவிடுமோ என்று யோசித்தேன். பிறகு உங்களை நினைத்துக்கொண்டேன். கையில் பையோடு அந்தப் படியில் நீங்கள் இறங்குவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். யாரையும் நினைக்கக் கூடாது என்ற சட்டத்தை உடைத்துவிட்டேன். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறு வாருங்கள். நான் நடைமேடையில் நிற்கிறேன்.

குருவி

*

மார்ச் 21

குருவிக்கு,

நேற்றுதான் உன் வீட்டிலிருந்து திரும்பினோம். போனிலேயே பேசிவிடலாம், இப்போது தடை எதுவும் இல்லை. ஆனால் இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீயும் சிரித்துக் கெடுத்துவிடுவாய்.

மத்திய நிலையம் வந்தபோது உன் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம். வெளியே எல்லாம் புதுக் கட்டடம், எனக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது ‘புதுசா’ என்று கேட்டால் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நீ சொன்னாய். நம்ம ஊர் வந்தாச்சு. கதவு திறந்தது. என்னோடு நூறு பேர் இறங்கினார்கள். ஒருத்தரும் என்னை எதுவும் கேட்கவில்லை. தூரத்தில் நீ நின்று கையை ஆட்டினாய். நான் ஏன் கொஞ்ச நேரம் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன் என்று கேட்டாயே, செருப்பு சரியாகத்தான் இருந்தது.

அந்தக் காவலாளியிடம் நீ என்னைக் கூட்டிப்போய், “இவங்க இந்தத் தெருவுலயே பொறந்தவங்க” என்று சொன்னதும், அவர் நாற்காலியை விட்டு எழுந்து, “அப்படியா, இங்கே முன்னாடி என்னம்மா இருந்துச்சு?” என்று கேட்டதும், நான் அரை மணி நேரம் கை நீட்டி நீட்டி அவருக்கு வீடு வீடாகக் காட்டியதும், அதையெல்லாம் இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உரக்கடைக்காரர், “அப்ப பட்டா ரெண்டு ஊருக்குமா?” என்றார். ஆமாம் என்றேன்.

இனி வீட்டுச் சட்டம் என்ன ஆகும் என்று கவலைப்பட்டாய். இரண்டு பக்கமும் நம்ம ஊர் என்றாகிவிட்டால் பாத்திரம் யார் கழுவுவது? அதற்கும் வழி பிறந்தது. நேற்று ராத்திரி திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தோம். இத்தனை வருஷமாக எந்தப் பக்கமும் சாயாத மனிதர், நம் சண்டையையெல்லாம் ஓரமாக உட்கார்ந்து ரசித்துக்கொண்டு ஒரு டம்ளரைக்கூடத் தொடாத மனிதர், முதல் வாய் தண்ணீர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். “என்ன இருந்தாலும் எங்க ஊர் தண்ணி ருசி...”

பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஆனால் நான் கேட்டுவிட்டேன். சட்டம் போட்டவரே அவர்தான். எழுந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு டம்ளர் உடைந்தது. ஒரு மூடி உருண்டது. நான் எழுந்து போய் எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குழாயை மூடும் சத்தம் கேட்டது. சமையலறையிலிருந்து அவர் குரல் வந்தது, களைத்துப்போய், ஆனால் திருப்தியாக:

“நம்ம ஊர் வந்தாச்சு.”

அண்ணி